அம்பறாத்தூணியும் அரசரின் மதிய உணவும்

வெண்கோடை நாட்டு மன்னர் நெடுமுடிவர்மருக்கு மகுடம் மிக உயரம். அதற்குக் கீழே இருந்ததைப் பற்றி அவையில் யாரும் கருத்துச் சொல்வதில்லை. கடல் கடந்து வந்த வணிகன் ஒருவன் அவருக்கு ஒரு வீடியோ கேமைக் காணிக்கையாகத் தந்துவிட்டுப் போனான். அந்தக் காலத்தில் மின்சாரம் ஏது என்று கேட்பவர்கள், மந்திரவாதியின் உயிர் கிளிக்குள் எப்படி இருந்தது என்பதை முதலில் விசாரித்துவிட்டு வரவும்.

அன்று முதல் அரசர் அரியணையை விட்டு இறங்காமலே அரக்கர்களை வேட்டையாடினார். விளையாட்டில் அவருடைய வீரன் நான்கு இரும்புக் கவசங்களையும் நாற்பது ரொட்டிகளையும் சுமந்தபடி ஆற்றை நீந்திக் கடப்பான். அவன் தூணியில் சாதாரண அம்புகள் எத்தனை எய்தாலும் தீருவதில்லை. டிராகன் பாயும்போது அரசர் அம்பை மாற்றுவதற்காகத் தூணியைத் திறப்பார். உடனே உலகம் அப்படியே நின்றுவிடும். டிராகன் வாயைப் பிளந்தபடி அந்தரத்தில் காத்திருக்கும். நெருப்பம்பா, நச்சம்பா என்று அரசர் யோசிப்பார். இடையில் போய்க் குளித்துவிட்டும் வருவார். பொன்னம்புகள் மட்டும் எண்ணித் தொண்ணூற்றொன்பது இருந்தன. அவற்றில் ஒன்றைக்கூட அவர் எய்ததில்லை. "இதைவிடப் பெரிய எதிரி வருவான், அவனுக்கு இருக்கட்டும்" என்பார்.

சேனாபதி உருத்திரசேனருக்கு ஒரு மைத்துனன் இருந்தான். மைத்துனனுக்கு வேலை இல்லை. ஆகவே சேனாபதியின் கண், படைக்கு அம்பு செய்து தரும் சாத்தையனின் பதவி மீது விழுந்தது.

"அரசே, அம்பறாத்தூணி என்றால் அம்பு தீராத தூணி. சாத்தையன் தரும் தூணியில் அம்பு தீர்கிறது. இத்தனை காலமும் நம்மை ஏமாற்றியிருக்கிறான்!"

அரசர் அதிர்ந்தார். "விளையாட்டின் விதியே இனி வெண்கோடையின் விதி. மீறுபவனுக்கு மரணம். எட்டு நாளில் தீராத தூணி வர வேண்டும்!"

ஆணைகளை எழுதும் ஓலைநாயகம் அஞ்சொல்லி என்னும் பெண். பெயரில் இனிமை இருந்தது. நாக்கில் அச்சம் இருந்ததில்லை.

"எல்லா விதிகளுமா, அரசே? பிடித்தவை மட்டுமா?"

"எல்லாம்! எனக்கு அரைகுறையாக ஆளத் தெரியாது."

"நாடறிந்த செய்தி. தங்களுக்கும் பொருந்துமா?"

"எனக்கும்தான்! எழுது."

எழுதினாள். முத்திரை விழுந்தது.

எட்டாம் நாள் நண்பகலில் சாத்தையன் தொண்ணூற்றொன்பது அம்புகள் திணித்த தூணியோடு வந்தான். அதை ஒரு வீரனின் முதுகில் கட்டினார்கள். வீரன் மல்லாந்து விழுந்து, கவிழ்த்த ஆமை போலக் கையைக் காலை உதைத்தான். மைதானத்தில் எய்து பார்த்தார்கள். நூறாவது முறை கை வெறுமையாக வந்தது. எல்லோரும் அவைக்குத் திரும்பினார்கள்.

"இரும்புக்கும் மூங்கிலுக்கும் எடை உண்டு, அரசே. கழுகிறகு ஒன்றுதான் லேசு" என்றான் சாத்தையன்.

"கொல்லுங்கள்" என்றார் அரசர். சேனாபதி மகிழ்ச்சியோடு தாமே வில்லை வளைத்தார்.

எய்த அம்புகளை அஞ்சொல்லி அதற்குள் திரட்டித் தூணியில் போட்டிருந்தாள். அதைச் சாத்தையனின் முன் வைத்து மூடியைத் திறந்தாள்.

"சாத்தையா, நிதானமாக ஓர் அம்பைத் தேர்ந்தெடு. யாரும் அசையாதீர்கள், தூணி திறந்திருக்கிறது!"

"என்ன உளறல்?" என்றார் சேனாபதி.

"விதி, ஐயா. தூணி திறந்திருக்கும் வரை உலகம் நிற்கும். அம்பை விட்டாலும், வில்லைத் தாழ்த்தினாலும் தங்களுக்கு மரணம். முத்திரை இருக்கிறது."

சேனாபதி நாணை இழுத்தபடியே உறைந்தார். அரசர் மூக்கைச் சொறியக் கையைத் தூக்கினார்.

"அரசே, அசைவு!"

கை பாதியில் நின்றது. "அப்படியானால் நீ மட்டும் எப்படிப் பேசுகிறாய்?"

"பேசலாம். விளையாட்டிலும் பாட்டு மட்டும் நிற்பதில்லையே."

நெய்ச்சோற்றின் மணம் வந்தது. பரிமாறுபவன் கரண்டியும் கையுமாக வாசலில் நின்றுவிட்டான். அரசரின் வயிறு ஆணையை மீறி அசைந்தது.

"சாத்தையா, இன்னும் எவ்வளவு நேரம்?"

"ஒவ்வொன்றும் நான் செய்தது, அரசே. அவசரப்பட்டு ஒன்றை எடுத்தால் மற்ற தொண்ணூற்றெட்டும் வருந்தும்."

"நேற்று டிராகனைத் தொங்கவிட்டுத் தாங்கள் தூங்கி எழுந்து வந்தீர்கள். அதுவாவது வாயில்லாப் பிராணி" என்றாள் அஞ்சொல்லி.

சேனாபதியின் முழங்கைகள் நடுங்கின. நெற்றி வியர்வை கண்ணில் இறங்கியது.

"மூடித் தொலையடா, அப்பா!" என்று அரசர் கெஞ்சினார்.

"மூடினால் சேனாபதியின் அம்பு புறப்படுமே, அரசே."

"தண்டனையும் இல்லை, ஆணையும் இல்லை! எல்லாவற்றையும் விலக்கினேன்! அஞ்சொல்லி, எழுது… ஐயோ, நீயும் அசையக்கூடாதே!"

"காலையிலேயே எழுதிவிட்டேன், அரசே. ஆணையை விலக்கும் ஓலை தங்கள் காலடியில்தான் இருக்கிறது. வாயால் ஒப்புக்கொண்டது போதும்."

சாத்தையன் தூணியை மூடினான். சேனாபதி வில்லைத் தாழ்த்தினார். பரிமாறுபவன் ஓடி வந்தான்.

இலையின் முன் அமர்ந்ததும் அரசருக்கு நாடு அழகாகத் தெரிந்தது. அஞ்சொல்லிக்கு முத்துமாலை அளித்தார். சாத்தையன் பதவியில் நிலைத்தான். மைத்துனனுக்கும் வேலை கிடைத்தது: மைதானத்தில் அம்பு பொறுக்குவது.

"அது சரி, இவ்வளவு நேரம் தேடினாயே, எந்த அம்பைத் தேர்ந்தெடுத்தாய்?" என்று அரசர் வாய் நிறையச் சோற்றுடன் கேட்டார்.

சாத்தையன் தூணியைப் பார்த்தான். மடங்க மறுத்த கைகளோடு இன்னும் மூலையில் நின்ற சேனாபதியைப் பார்த்தான்.

"எதையும் எடுக்க மனம் வரவில்லை, அரசே. இதைவிடப் பெரிய எதிரி வருவான். அவனுக்கு இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்."

அரசர் சிரித்த சிரிப்பில் மகுடம் நெய்ச்சோற்றில் விழுந்தது.