முதுகில் இருந்த கண்

கோரைவனத்துச் சதுப்பு நிலத்தில் பாறைச்சி என்ற காண்டாமிருகம் தன் குட்டியோடு வாழ்ந்து வந்தாள். பெயருக்கேற்ற பாறைத் தோல் அவளுக்கு. கண்தான் பாவம், சற்றுத் தள்ளி நிற்பது மரமா மனிதனா என்றுகூடத் தெரியாது.

அதற்காக அவள் கவலைப்பட்டதே இல்லை. முதுகில்தான் மஞ்சமூக்கி என்ற மைனா உட்கார்ந்திருக்கிறதே! மைனாவுக்கு அங்கே தின்ன உண்ணி கிடைத்தது. பாறைச்சிக்கு மைனாவின் கண் கிடைத்தது. ஆபத்து வந்தால் "கிர்ர்!" என்று ஒரு கத்தல். அடுத்த நொடி தாயும் குட்டியும் கோரைப்புல்லுக்குள் மறைந்துவிடுவார்கள்.

பாறைச்சியின் புருஷன் மட்டும் வேறு ரகம். "என் முதுகு என்ன, குருவிகளுக்குச் சத்திரமா?" என்று பறவைகளை உதறிவிடுவான்.

ஒருநாள் காலையில் அவன் ஆற்றோரம் செத்துக் கிடந்தான். மூக்கின் மேலிருந்த கொம்பைக் காணோம்! அந்த இடத்தில் ஈ மொய்த்துக்கொண்டிருந்தது. "ஒரு கொம்புக்காகவா? ஒரு கொம்புக்காகவா ஒரு உசுரு?" என்று பாறைச்சி திரும்பத் திரும்பக் கேட்டாள்.

செய்தி காட்டின் அரசரான யானையாரிடம் போனது. நல்ல மனசுக்காரர்தான்.

"இனி என் காட்டில் எத்தனை காண்டாமிருகங்கள் மிச்சம்?" என்று கேட்டார்.

"அந்தத் தாயும் குட்டியும்தான், அரசே!"

தும்பிக்கையில் இருந்த கரும்பு கீழே விழுந்தது. "என்ன! இரண்டே இரண்டா? என் ஆட்சியிலா? இன்று முதல் அவர்கள் அரசாங்கத்தின் பாதுகாப்பில் இருப்பார்கள். மந்திரி, ஒரு குறையும் வரக் கூடாது!"

மந்திரி யார் என்றால், மயில். பீலிராயர் என்று பெயர். தன் தோகையில் ஒரு தூசு ஒட்டினாலும் அன்றைக்குச் சோறு இறங்காது அவருக்கு. அவர் ஒரு எருமைக் கூட்டத்தைக் காவலுக்கு ஓட்டிக்கொண்டு சதுப்புக்கு வந்தார். உடம்பெல்லாம் சேறும் முதுகெல்லாம் எச்சமுமாக நின்ற பாறைச்சியைப் பார்த்ததும் அவருக்குத் தலை சுற்றியது.

"ஐயையோ! அரசாங்கத்தின் காண்டாமிருகம் இப்படியா இருப்பது? அரசரே பார்வையிட வந்தால் என் மானம் கப்பலேறிவிடுமே! இனிமேல் சேற்றில் புரளக் கூடாது. குருவிகள் இந்த எல்லைக்குள் வரவே கூடாது!"

பாறைச்சி பதறிப்போனாள். "மந்திரியாரே, அது குருவி இல்லீங்க. அதுதான் என் கண்ணு!"

"கண் முகத்தில் இருக்கும், அம்மா! முதுகிலா இருக்கும்?" என்று மயில் சிரித்தார். "இத்தனை எருமைகளைத் தந்திருக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் இரண்டு கண். உனக்கு இன்னும் என்ன கண் வேண்டும்?"

அதுவும் நியாயமாகத்தான் பட்டது பாறைச்சிக்கு. அரசாங்கம் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று வாயை மூடிக்கொண்டாள். மைனா பறந்து போகும்போது, "அக்கா, எல்லைக்கு அந்தாண்ட இருக்கற அத்திமரத்துலதான் இருப்பேன்" என்று சொல்லிவிட்டுப் போனது.

எருமைகள் அவளைச் சுற்றி வட்டமாக நின்றன. கொஞ்ச நேரத்தில் பாறைச்சிக்கு ஏதோ உறுத்தியது. எல்லா எருமைகளின் மூச்சும் அவள் மேல்தான் அடித்தது.

"ஏம்பா, நீங்க எந்தப் பக்கம் பாக்குறீங்க?"

"உங்களத்தாம்மா! உங்க மேல சேறு படாம, குருவி உக்காராம பாத்துக்கணும்னு உத்தரவு!"

"அப்போ காட்டை யாரு பாக்குறது?"

எருமைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. "அது உத்தரவுல இல்லையே!"

கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல ஆகிவிட்டது பாறைச்சியின் நிலைமை. குட்டியை இழுத்து வயிற்றோடு அணைத்துக்கொண்டாள்.

அரசர் பார்வையிட வரும் நாளும் வந்தது. பாறைச்சியைத் தேய்த்துக் கழுவிப் பளபளவென்று நிறுத்தியிருந்தார்கள். மயில் மந்திரி தோகையை விரித்தார். அரசர் முதல் எருமைகள் வரை எல்லாரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அப்போது அத்திமரத்திலிருந்து "கிர்ர்! கிர்ர்!" என்று ஒரு கத்தல். மஞ்சமூக்கி எல்லை தாண்டிப் பாய்ந்து வந்தது.

"தடையை மீறிய குருவி! அரசர் முன்னிலையிலேயே! அடியுங்கள் அதை!" என்று மயில் அலறினார்.

ஓர் எருமை கொம்பை வீசியது. சிறகு முறிந்தது. மைனா பாறைச்சியின் காலடியில் விழுந்தது. விழுந்தும் அது வாயை மூடவில்லை. "அக்கா! பின்னால! துப்பாக்கி!"

பாறைச்சி யோசிக்கவில்லை. திரும்பினாள். கண்ணுக்கு ஒன்றும் தெரியாமலேயே கோரைப்புல்லுக்குள் பாய்ந்தாள். "டுமீல்!" குண்டு அவள் காதைக் கிழித்துக்கொண்டு போனது. புல்லுக்குள் பதுங்கியிருந்த வேட்டைக்காரன் துப்பாக்கியைப் போட்டுவிட்டு ஆற்றில் குதித்துத் தப்பினான்.

யானையார் துப்பாக்கியைத் தும்பிக்கையால் தொட்டார். இன்னும் சூடு ஆறவில்லை.

"இத்தனை காவலுக்கு நடுவிலா? நான் நிற்கும்போதேயா?"

காதிலிருந்து ரத்தம் சொட்ட, பாறைச்சி சொன்னாள்: "அரசே, இத்தனை கண்ணு குடுத்தீங்க. எல்லாம் என்னையே பாத்துச்சு. எனக்காக வெளிய பாத்த ஒரே கண்ணையும் வெரட்டிட்டீங்களே!"

மயிலின் தோகை தானாக மடங்கியது. "அரசே, நான் அழகுக்காகத்தான்..." என்று இழுத்தார்.

"போதும்! நீர் மட்டுமா குற்றவாளி? காவல் போடச் சொன்ன நான், இவளிடம் ஒரு வார்த்தை கேட்டேனா?" என்றார் அரசர். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். அன்று சறுக்கியது அரச யானைக்கே.

அன்றே எருமைகள் காட்டின் எல்லைக்குப் போய், வெளியே பார்த்து நின்றன. பறவைகளுக்கு இருந்த தடை போனது. சேற்றில் புரளத் தாய்க்கும் குட்டிக்கும் தடையில்லை. மயிலின் மந்திரி பதவியும் அன்றோடு போனது.

மஞ்சமூக்கியின் சிறகு கடைசிவரை கூடவில்லை. அதனால் என்ன? காலையில் பாறைச்சி தலையைத் தரையில் சாய்ப்பாள். மைனா அவளுடைய கிழிந்த காதைப் பற்றிக்கொண்டு ஏறி, முதுகில் தன் இடத்தில் போய் உட்காரும்.

ஒருவரைக் காப்பாற்ற நினைப்பவர், இதுவரை அவரைக் காப்பாற்றி வந்தது எது என்று முதலில் அவரிடமே கேட்க வேண்டும்.