வெளியே நின்ற பேராசிரியர்

எம்.ஏ. சமூகவியல் வகுப்பில் பேராசிரியர் தில்லைநாயகம் மார்தட்டினார்: “தீப்பெட்டி ஆலைக்கே போய் விசாரிச்சேன். கூலியில ஒருத்தருக்கும் குறையில்லை!”

“அப்போ முதலாளி எங்கே சார் இருந்தார்?” என்றாள் மாணவி மாரிக்கனி.

“என் பக்கத்துலதான். அது தப்புன்னா இப்பவே நிரூபி. இல்லேன்னா உன் ஆய்வேட்டுல கையெழுத்துப் போட மாட்டேன்.”

மாரிக்கனி வகுப்பைப் பார்த்துத் திரும்பினாள். “சார் பாடம் யாருக்காவது போரடிக்குதா? கையைத் தூக்குங்க.”

ஒரு கையும் எழவில்லை. பேராசிரியர் பூரித்துப்போனார்.

“ஒரு நிமிஷம் வெளியே நில்லுங்க சார்.”

அவர் போனதும் அதே கேள்வியை மறுபடி கேட்டாள். ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தவருக்கு ஒரு முகமும் தெரியவில்லை, அத்தனையும் கைகள்.

மாரிக்கனி கதவைத் திறந்துவிட்டாள். “கையெழுத்து மெதுவாப் போடலாம் சார். முதல்ல அந்த முதலாளியை வெளியே அனுப்பிட்டு, இன்னொரு தடவை கேட்டுட்டு வாங்க.”