ஜாமீனுக்கு வந்த பேச்சியம்மாள்

உள்ளூர் ஆள் சாக்கடை கட்டினால் தண்ணீர் ஓடாது என்று நகராட்சித் தலைவருக்கு யார் சொன்னார்களோ, மேலத்தெரு வேலையைச் சென்னைக் கம்பெனிக்கே கொடுப்பதென்று இருந்தார். அந்தத் தெருவிலேயே குடியிருக்கும் காண்ட்ராக்டர் இசக்கியம்மாள், "எனக்குக் குடுங்கய்யா" என்று போய் நின்றாள்.

தலைவர் சிரித்தார். "அவங்களுக்குப் பெரிய பேங்கே ஜாமீன் நிக்குது. உனக்கு யாரு நிப்பா? சாயங்காலத்துக்குள்ள கூட்டிட்டு வா, பாப்போம்."

இசக்கி ஆள்விட்டுச் சொல்லி வரவழைத்தது பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாளை. சுவர்த் தகராறில் இருவருக்கும் பல வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. அது ஊருக்கே தெரியும்.

"இவளா உனக்கு ஜாமீன்?"

"ஆமாய்யா. நான் கட்டுனதுல தண்ணி கொஞ்சம் தேங்குனாலும் போதும், தெருவுல நின்னு என் மானத்தை வாங்கிருவா. கம்பெனிக்காரங்க வீட்டுப் பக்கத்துல இப்படி ஒரு ஆள் உண்டான்னு கேளுங்க."

தலைவர் பேச்சியம்மாள் பக்கம் திரும்பினார்.

பேச்சியம்மாள் இசக்கியைத் திரும்பியும் பார்க்காமல் தலைவரிடம் சொன்னாள்: "வேலையை அவளுக்கே குடுங்க. தப்பாக் கட்டுனா நான் பாத்துக்கிடுதேன்." போகக் கிளம்பியவள் மறுபடி தலைவரிடமே சொன்னாள்: "காலையிலேர்ந்து அலையுதா. சாப்பிட்டாளான்னு கேளுங்க."

இசக்கி பக்கத்தில்தான் நின்றாள். ஆனாலும் தலைவர்தான் கேட்க வேண்டியிருந்தது.