திறக்க விடாத குழாய்

பாரிமுனையில் ஒரு பழைய நாலு மாடிக் கட்டடம். அங்கே ஏ.சி. காற்று வரும் குழாய்களைத் திறந்து சுத்தம் செய்ய ராயபுரம் பிலோமினா வந்தது அது மூன்றாம் முறை. முதல் தடவை மீட்டிங், அடுத்த தடவை பூஜை என்று சொல்லி மேனேஜர் தணிகாசலம் அவளைத் திருப்பி அனுப்பியிருந்தார். அதற்குள் ஆபீஸில் பாதிப்பேர் இருமத் தொடங்கியிருந்தார்கள்.

இந்த முறை அவர் ஒரு காகிதத்தை நீட்டினார். "ஹெட் ஆபீஸ்ல கேக்கறாங்க. குழாய் சுத்தமா இருக்குன்னு கையெழுத்துப் போடும்மா. திறக்கவே வேணாம். மாசாமாசம் நானே நின்னு துடைக்க வைக்கிறேன். போடலைன்னா இனிமே இந்தக் கட்டடத்துல உனக்கு வேலை இல்ல."

ஏணியையும் பிரஷையும் மூன்று தடவை மாடி ஏற்றி இறக்கிய சலிப்பு பிலோமினாவுக்குத் தலைக்கு மேல் போயிருந்தது.

"போடறேன் சார். திறக்கல. வெளியிலேர்ந்து ரெண்டு தட்டு தட்டிப் பாத்துட்டுப் போடறேன்" என்றவள், அவர் மேசையருகே ஏணியை விரித்து ஏறி, தலைக்கு நேர் மேலே ஓடிய குழாயை நோக்கிப் பிரஷ் கட்டையை ஓங்கினாள்.

தணிகாசலம் நாற்காலியோடு சுவர்வரை நகர்ந்தார். காபி டம்ளரையும் மறக்காமல் எடுத்துக்கொண்டார்.

"சுத்தமான குழாயிலேர்ந்து என்ன சார் கொட்டப்போவுது?" என்றாள் பிலோமினா.

ஆபீஸே சிரித்தது. அவள் குழாயைத் திறக்கட்டும் என்று தணிகாசலம் எழுந்துபோய்த் தன் கையாலேயே ஏ.சி.யை நிறுத்தினார்.