சுளை உங்களுக்கு, தோல் எனக்கு

ஆரஞ்சுத் தோலைக் கிள்ளினா போதும், எனக்கு அந்த கீமோ வார்டு ஞாபகம் வந்துடும். போயும் போயும் அந்த இடத்தை நினைச்சு யாராவது ஏங்குவாங்களா? நான் ஏங்குறேன். வீட்டுல சொன்னா, "வாயைக் கழுவு"ன்னு திட்டுறாங்க.

மருந்து ஏற ஆரம்பிச்சதும் வாயெல்லாம் தகரத்தை நக்கின மாதிரி ஆயிடும். குடலைப் புரட்டும். அதுக்கு எங்க வார்டுல ஒரு வழக்கம் உண்டு. யாராவது ஒருத்தர் ஆரஞ்சு உரிப்பாங்க. வாய்ப்புண் இல்லாதவங்களுக்குச் சுளை. புண் உள்ளவங்களுக்குத் தோல், சும்மா மோந்து பாத்துக்கணும். அந்த வாசனையில குமட்டல் கொஞ்சம் அடங்கும்.

இந்த வழக்கத்தை எனக்குக் காட்டினவ ஜெபசீலி. திருமங்கலத்துல ஜாக்கெட் தைக்கிறவ. எனக்கு மக வயசு. ஆனாலும் அவளை நான் "குருவே"ன்னுதான் கூப்பிடுவேன். முதல்ல கேலிக்கு, அப்புறம் நிஜமாவே.

என் முதல் நாள்ல நான் அழுத அழுகைக்கு நர்ஸம்மாவே மிரண்டுட்டாங்க. பக்கத்துக் கட்டில்ல இருந்து ஜெபசீலி ஒரு பழத்தை நீட்டினா.

"பூரணக்கா, இந்த மருந்துல எனக்கு விரலெல்லாம் மரத்துக் கிடக்கு. இதை உரிச்சுத் தாங்களேன்."

பாவமா இருந்துச்சு. உரிச்சேன்.

"எனக்கு வாய்ப்புண். சுளை உங்களுக்கு, தோல் எனக்கு. மிச்சத்தை எல்லாருக்கும் குடுத்து விடுங்க."

யாருக்குச் சுளை, யாருக்குத் தோல்னு விசாரிச்சு முடிக்கிறதுக்குள்ள என் பாட்டில் பாதி இறங்கியிருந்துச்சு. அன்னையில இருந்து அந்த வார்டுல உரிக்கிற வேலை என்னுதுதான். அதுல எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

ஒருநாள் அவகிட்ட கேட்டேன். "குருவே, புதுசா வர்றவங்களுக்கு என்ன சொல்லித் தேத்துறது?"

"ஒண்ணும் சொல்லாதீங்க."

"என் வாய் சும்மா இருக்காதே."

"அப்ப ஒரு சுளையைப் போட்டுக்கோங்க."

இதெல்லாம் ஒரு பதிலான்னு எனக்குக் கோவம் வந்துச்சு.

அடுத்த தடவை ரஹீமான்னு ஒரு புதுப் பொண்ணு வந்துச்சு. கையில ஊசி குத்தினதும் கட்டிலோட விளிம்புல உக்காந்துக்கிட்டு வாசலையே பாத்துச்சு. நான் போய் எனக்குத் தெரிஞ்சதெல்லாம் சொன்னேன். வாந்தி வரும், மாத்திரை தருவாங்க. முடி கொட்டும், திரும்ப முளைக்கும். எண்ணெய்ச் செலவு மிச்சம்னு என் மொட்டையைத் தடவிக் காட்டினேன். வாய் புண்ணாகும், உப்புத் தண்ணி கொப்புளிச்சா ஆறிடும்னேன்.

நான் சொல்லச் சொல்ல அவ முகம் வெளிறிப் போச்சு.

"சிஸ்டர், ஊசியை எடுத்துடுங்க. நான் வீட்டுக்குப் போறேன்."

இதுக்கு முன்னாடி இப்படிப் பாதியில எழுந்து போன அம்மா ஒருத்தர் அப்புறம் வரவே இல்லை. அவங்க கட்டில்லதான் இந்தப் பொண்ணு உக்காந்திருந்துச்சு. நர்ஸம்மா டாக்டரைக் கூப்பிடப் போனாங்க. ரஹீமா செருப்பைத் தேட ஆரம்பிச்சா.

ஜெபசீலி மெதுவா ஒரு பழத்தை நீட்டினா.

"தங்கச்சி, இந்த மருந்துல எனக்கு விரலெல்லாம் மரத்துக் கிடக்கு. இதை உரிச்சுத் தர்றியா?"

ரஹீமா அவளைப் பாத்தா, பழத்தைப் பாத்தா. முந்தானையில கண்ணைத் துடைச்சுக்கிட்டு வாங்கினா.

உரிச்சு முடிச்சுட்டுக் கேட்டா. "இந்தத் தோலைத் தூரப் போடவாக்கா?"

"ஐயையோ, அது எனக்கு. சுளை உனக்கு. மிச்சத்தை எல்லாருக்கும் குடுத்து விடு."

டாக்டர் வந்தப்ப ரஹீமா யாருக்கெல்லாம் வாய்ப்புண்ணுனு விசாரிச்சுக்கிட்டு இருந்தா. மருந்து சொட்டிக்கிட்டு இருந்துச்சு. டாக்டர் வாசல்ல நின்னு பாத்துட்டுத் திரும்பிப் போயிட்டார்.

எனக்கு அப்பத்தான் உறைச்சுது. அதே வார்த்தை, அதே குரல். என் முதல் நாள் சாயங்காலம் ஜாக்கெட் கொக்கி அறுந்துடுச்சுன்னு நான் நின்னப்ப, ஒரே தடவையில ஊசியில நூல் கோத்துத் தைச்சுக் குடுத்தவ இவதானே.

ரஹீமா தூங்கினதும் ஜெபசீலி கட்டில் பக்கத்துல போய் உக்காந்தேன்.

"ஏமாத்துக்காரி. விரல் மரத்தவ ஊசியில நூல் கோப்பாளா? இத்தனை நாளா என்னை உரிக்க விட்டு வேடிக்கை பாத்திருக்க."

ஜெபசீலி சிரிச்சா. பையில இருந்து இன்னொரு பழத்தை எடுத்தா. நகத்தை வச்சுக் கிள்ளினா, வழுக்கிச்சு. மறுபடியும் கிள்ளினா. பழம் கையை விட்டு உருண்டு என் மடியில விழுந்துச்சு.

"அன்னைக்குச் சொன்னது பொய்தான்க்கா. இப்ப நிஜமாவே முடியல. உரிச்சுத் தாங்க."