எவ்வளவு சார்ஜ் இருக்கு?

"தாயி, சார்ஜ் நிக்க மாட்டேங்கு" என்றார் கோமதிநாயகம்.

வடிவு தண்ணீர்த் தொட்டியின் கீறலுக்குச் சிமெண்டு பூசிக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

"போன வாரம் மனசு நிக்க மாட்டேங்குன்னுல்லா சொன்னிய?"

"அது போன வாரம்."

"இப்பம் நின்னுட்டாக்கும்?"

"அதைப் பாக்க எங்க தாயி நேரம்? இந்தச் சார்ஜ் பாடே பெரும்பாடா இருக்கு."

அம்பாசமுத்திரத்தில் ரேடியோ செட் போடும் கோமதிநாயகம் என்றால் அந்த வட்டாரத்தில் தெரியாதவர் கிடையாது. கல்யாணமோ, கோயில் கொடையோ, தேர்தலோ, அவருடைய ஒலிபெருக்கிக் குழாயைத்தான் கட்டுவார்கள். ஊரார் காதைக் கிழித்தே பிழைத்தவர், அமைதி வேண்டும் என்று ஊசிமலை அடிவாரத்து மடத்துக்கு வந்து சேர்ந்தார்.

மடத்தை நடத்தும் வடிவுக்கு அவரைவிட இருபது வயது குறைவு. வடிவின் காதுகுத்துக்குக் குழாய் கட்டியவரே அவர்தான். அதையெல்லாம் பார்த்தால் ஆகுமா? வந்த அன்றே 'தாயி' என்று கும்பிட்டுவிட்டார்.

மடத்தில் கரண்ட் கிடையாது. சாயங்காலம் மலையைச் சுற்றி நடக்கும்போது பாட்டு கேட்டால் நன்றாக இருக்குமே என்று அவரே ஒரு பாட்டுப் பெட்டி செய்தார்.

மாம்பழப் பெட்டிப் பலகை. பழைய ஆட்டோவில் கழற்றிய இரண்டு ஸ்பீக்கர். பைக் பேட்டரி. பெட்டியின் முதுகில் வெயில் குடிக்க ஒரு சோலார் தட்டு. தோளில் மாட்ட ஸ்கூல் பை வார். பெட்டிக்குள் போன் படுத்துக்கொள்ள ஒரு பொந்து. அங்கே படுத்தபடி அது பாடும், பேட்டரியிலிருந்து சார்ஜும் ஏற்றிக்கொள்ளும். மேலே வரிசையாகக் குட்டி லைட்டுகள். நிறையச் சார்ஜ் இருந்தால் எல்லாம் எரியும். குறையக் குறைய ஒவ்வொன்றாக அணையும். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே சுவிட்ச்.

பாட்டுக்காகச் செய்த பெட்டி என்று மடத்தில் எல்லாரும் நினைத்தார்கள். பாட்டு சும்மா ஒரு சாக்கு. பெட்டி செய்தது போனுக்காக.

மகள் பகவதி தன் இஷ்டப்படி கல்யாணம் செய்துகொண்டு போனபோது, "இனிமே இந்த வாசப்படியை மிதிக்காத" என்று சொன்னவர் அவர். அவளும் மிதிக்கவில்லை. தென்காசியில் எந்தத் தெருவில் இருக்கிறாள் என்பது வரைக்கும் அவருக்குத் தெரியும். அந்தத் தெருப் பக்கம் யாராவது குழாய் கட்டக் கூப்பிட்டால், உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடுவார்.

போன புரட்டாசியில் ஒருநாள் அவள் கூப்பிட்டாள். மடத்திலிருந்த அவர் போனில் சார்ஜ் இல்லை.

உடனே அம்பாசமுத்திரத்தில் அவருக்குப் பக்கத்து வீட்டு மரியபுஷ்பம் டீச்சரைக் கூப்பிட்டாள். "அப்பா போன் அணைஞ்சு கிடக்கு டீச்சர். பொறவு கூப்பிடுதேன்னு சொல்லிருங்க."

டீச்சர் மடத்துக்கே வந்து சொன்னார். போனை வாங்கி அடிவாரத்து டீக்கடையில் சார்ஜ் போட்டு, மகள் நம்பரையும் அதில் ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனார்.

மறுநாள் கோமதிநாயகம் பலகை அறுக்க ஆரம்பித்தார். பெட்டி முடிந்து எத்தனையோ நாளாகிவிட்டது. அந்தப் 'பொறவு' மட்டும் வரவே இல்லை.

இப்போது பெட்டியும் மக்கர் செய்தது. பாதி மலை சுற்றுவதற்குள் லைட்டெல்லாம் அணைந்துவிடும். அடிவாரத்து டீக்கடைக்கு ஓடி, அங்கே சார்ஜ் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பார். குளிக்கப் போனாலும் பெட்டி போகும். தியானத்தில் பாதிக் கண் பெட்டியில் இருக்கும். ராத்திரித் தூக்கம் போயே போய்விட்டது.

மகள் கதையையும் சேர்த்து இதையெல்லாம் கொட்டித் தீர்த்தார். வடிவு பூசிக்கொண்டே கேட்டுக்கொண்டார்.

"நாளைக்குக் காலையில பெட்டியை எடுத்துட்டு வாங்க. நல்லா நெறைய ஏத்திட்டு வாங்க."

"சரி பண்ணிருவியளா தாயி?"

"எனக்கு ரேடியோ செட்டைப் பத்தி என்ன தெரியும்?"

காலையில் வந்தார். எல்லா லைட்டும் எரிந்தது. அதைக் காட்டும்போது அவருக்கே கொஞ்சம் பெருமை.

"சோலார் வயரை உருவிருங்க."

உருவினார்.

"போனை எடுத்துக் கையில வச்சுக்கிடுங்க."

எடுத்தார்.

"இன்னைக்குப் பாட்டு வேண்டாம். அணைச்சிருங்க. இப்பம் பெட்டியில சாப்பிட யாரும் இருக்காவளா?"

"ஒருத்தரும் இல்ல தாயி."

"அப்பம் சாயங்காலம் வரைக்கும் அப்படியே இருக்கணும்?"

"அப்படியே இருக்கணும். இருக்காதுங்கேன். பேட்டரியில ஏதோ கோளாறு."

"பாத்துருவோம்."

வடிவு தொட்டி வேலைக்குப் போய்விட்டார். கோமதிநாயகம் வேப்பமர நிழலில் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து வடிவு கேட்டார். "அண்ணாச்சி, எவ்வளவு இருக்கு?"

அவர் சுவிட்சைப் போட்டார். ஸ்பீக்கர் 'டும்' என்றது. உள்ளே இருந்ததெல்லாம் விழித்துக்கொண்டு உறுமியது. லைட் வரிசை எரிந்தது.

"முழுசா இருக்கு தாயி!"

அணைத்தார்.

வடிவு இன்னொரு தடவை கேட்டார். 'டும்.' முழுசாக இருந்தது.

அதற்கப்புறம் வடிவு கேட்கவே இல்லை. கேட்க வேண்டிய அவசியமும் வரவில்லை.

'டும்.'

சோறு தின்னப் போகும்போது ஒரு தடவை. தின்றுவிட்டு வந்து ஒரு தடவை. பெட்டியைப் பார்த்தால் போன் ஞாபகம் வரும். போனைத் தட்டிப் பார்ப்பார், யாரும் கூப்பிடவில்லை. போனைப் பார்த்தால் பெட்டி ஞாபகம் வரும்.

'டும்.'

ஒரு லைட் அணைந்திருந்தது. நிஜமாகவே அணைந்துவிட்டதா, கண்தான் ஏமாற்றுகிறதா? சுவிட்சைப் போட்டபடியே விட்டு, குனிந்து, கையால் நிழல் கட்டி, ரொம்ப நேரம் உற்றுப் பார்த்தார். அப்படிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று அணைந்தது.

"தாயி! இறங்குது!"

"இறங்குதா?"

"நாந்தான் சொன்னேம்லா? கோளாறு!"

வடிவு கரண்டியால் சிமெண்டை வழித்துக்கொண்டிருந்தார்.

வெயில் தாழ்ந்தது. அவர் உட்காருவதும் எழுந்து நடப்பதுமாக இருந்தார். நடந்துவிட்டு வந்தால் 'டும்.' இப்போது அந்த 'டும்' தேய்ந்து 'உம்' என்று ஆகியிருந்தது.

பொழுது சாயும் நேரத்தில் சிவப்பு லைட் ஒன்றுதான் மிச்சம். அவர் இன்னொரு தடவை போட்டார். சத்தமும் இல்லை, லைட்டும் இல்லை.

வடிவு கை கழுவிவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"பாட்டு பாடிச்சா?"

"இல்ல."

"போன் குடிச்சா?"

"இல்ல."

"பொறவு யாரு அண்ணாச்சி தின்னுருப்பா?"

கோமதிநாயகம் பெட்டியைப் பார்த்தார். சுவிட்சைப் பார்த்தார். தன் கட்டைவிரலைப் பார்த்தார். அவர் முகம் சுருங்கிப்போனது.

அப்போது கையிலிருந்த போன் முனகியது. அதிலும் சிவப்பு.

அவர் துள்ளி எழுந்தார். "டீக்கடைக்கு ஓடுதேன் தாயி. போன் அணையப் போவுது. இந்த நேரம் பாத்து அவ கூப்பிட்டுட்டான்னா?"

"உக்காருங்க."

"தாயி..."

"உக்காருங்க அண்ணாச்சி. இத்தனை நாளும் எதுக்குச் சார்ஜ் ஏத்துனிய?"

"அவ கூப்பிட்டா எடுக்க."

"அவ நம்பர் உங்ககிட்ட இல்லையா?"

"இருக்கு. டீச்சர் ஏத்திக் குடுத்தா."

"பொறவு?"

அவர் நின்றபடியே தரையைப் பார்த்தார். "அவதான தாயி சின்னவ. படி மிதிக்காதன்னு சொன்னவன் நான். நானே போயி எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு..."

வடிவு அவருடைய கையிலிருந்த போனைக் காட்டினார்.

"கூப்பிட எவ்வளவு சார்ஜ் வேணும் அண்ணாச்சி?"

கோமதிநாயகம் போனைக் கண்ணுக்கு நேரே தூக்கினார். எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கவில்லை. மகள் பெயரைத் தேடி அமுக்கினார். காதில் வைத்தார்.

மணி அடித்தது. உடனே எடுத்தார்கள்.

"அப்பா?"

அவர் வாயைத் திறந்தார். போன் அணைந்தது.

அணைந்த போனைக் கொஞ்ச நேரம் காதிலேயே வைத்திருந்தார். பிறகு அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பெட்டியை வேப்பமரத்தடியிலேயே விட்டுவிட்டு, பாதையில் இறங்கி நடந்தார்.

தென்காசி பஸ் நிற்கும் இடத்துக்கு டீக்கடையைத் தாண்டித்தான் போக வேண்டும். பெட்டி இல்லாமல் அவர் வருவதைப் பார்த்துக் கடைக்காரருக்கு ஆச்சரியம். பிளக்கில் செருகியிருந்த வயரைத் தூக்கிக் காட்டினார்.

"அண்ணாச்சி, சார்ஜ் போடலியா?"

கோமதிநாயகம் நிற்கவில்லை.

"பொறவு" என்றார்.