உசரக் குழாய்க் கூழு

மழை மறந்துபோன ஒரு ஊரு இருந்துச்சாம். அந்த ஊர்ல காத்தாயின்னு ஒருத்தி, அவளுக்குச் செவப்பின்னு ஒரு மக. ராசா சொன்னாராம், "மூணாள் ஆழத்துக்கு ஏரி வெட்டுங்க, வெட்டுற வீட்டுக்கெல்லாம் ஆளுக்கொரு சட்டிக் கூழு." ஊத்துற வேலை மணியக்காரனுக்கு.

அவன் என்ன பண்ணினான் தெரியுமா? கூழுக்கு வந்த கம்புத் தானியத்துல பாதியைத் தன் வீட்டுக்கு அள்ளிட்டு, சட்டிக்குப் பதிலா மூங்கில் குழாயைக் கொண்டாந்தான். "பாருங்க, சட்டி நாலு விரல் உசரம், குழாய் ஒரு முழம்! இனிமே கூழு கூட!"ன்னான். சனத்துக்கு ஒரே சந்தோசம். காத்தாயிக்கும்தான்.

மூணாம் நாளு செவப்பி மண்மேட்டுல மயங்கி விழுந்தா. கூடக் குடிச்ச புள்ளைக்கு ஏன் பசி? காத்தாயி தன் புருசனைக் கேட்டா, "கண்ணு முன்னாடி உசரமால்ல இருக்கு"ன்னான். பூசாரியைக் கேட்டா, "மணியக்காரர் சொன்னா சரிதான்"னாரு. யாரையும் கேக்காம, குழாய்க் கூழைப் பழைய சட்டியில ஊத்தினா. பாதிச் சட்டிதான்!

"சட்டியில ஊத்தினா கூழு சுருங்கும்டி"ன்னு சனம் சிரிச்சுது. காத்தாயிக்குக் கோவம் பொத்துக்கிட்டு வந்துச்சு. குழாய்ல திருப்பி ஊத்தினா, தளும்புச்சு. சட்டியில ஊத்தினா, பாதி. மறுபடி குழாய், மறுபடி சட்டி. "எங்கடா கூடுச்சு? எங்கடா சுருங்குச்சு? இருந்ததேதானடா இருக்கு! எம்மக வயித்தைப் பாருங்கடா!"

சனத்துக்கு அப்பத்தான் புரிஞ்சுது. "அந்த மணியக்காரனை வெட்டிப் போடணும்"னு மம்பட்டியத் தூக்கினாங்க.

"அவனை எதுக்கு? அவன் உசரத்தை மட்டும் காட்டின மாதிரி, நாம ஆழத்தை மட்டும் பாத்து மண்ணை வெட்டுவோம்"ன்னா காத்தாயி.

மணியக்காரன் தின்னுட்டுத் தூங்குறப்போ, ஏரியை அப்படியே விட்டுட்டு, ஒரு ஆளு இறங்குற அகலத்துல மூணாள் ஆழத்துக்குக் குழி வெட்டினாங்க. ராசா வந்தாரு. "ஆழம் சரியா இருக்கு சாமி"ன்னாங்க.

மணியக்காரன் கோவத்துல தையத்தக்கான்னு குதிச்சான். "கழுதைங்களா! ஆழம் இருந்தாப் போதுமா? அகலம் எங்கடா? இதுல எவ்வளவுடா தண்ணி நிக்கும்?"

காத்தாயி சட்டியையும் குழாயையும் ராசா காலடியில வச்சா. "அதையே இந்தக் குழாயைப் பாத்துச் சொல்லுடா!"

ராசா கூழை ஊத்திப் பாத்தாரு. மணியக்காரன் கையில மம்பட்டியைக் குடுத்து, கூழு ஊத்துற வேலையைக் காத்தாயிக்குக் குடுத்தாரு.

அப்புறம் என்ன? எல்லாருக்கும் சட்டி, அவனுக்கு மட்டும் குழாய். "தாயி, பசிக்குது, சட்டியில ஊத்து"ன்னு கெஞ்சுவான். "உசரத்தைப் பாத்துக்கிட்டே குடி"ம்பா காத்தாயி.

செவப்பி எழுந்தா, மழை வந்து ஏரி நெறஞ்சுது, காத்தாயி கோவம் மட்டும் இன்னும் ஆறலையாம்.